யன்னலுக்கு வந்த வெய்யில்

பெப்ரவரி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் தொடர்மாடியில் நலம் விசாரிக்கும் வழக்கம் குறைந்துபோகும். மாடிப்படியில் எதிர்ப்படுபவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கடந்துபோவார். டெனிஷ்காரர் மட்டுமல்ல, நம்மவர்களும் அப்படித்தான். மார்கழி இருட்டாக இருந்தாலும் அதற்கு நத்தார் விளக்குகள் துணையிருந்தன. தைக்குப் பொங்கல் இருந்தது. மாசிக்கு என்ன இருக்கிறது? உருகிய பனிச்சேறு, கறுத்த மரங்கள், தலைக்குமேல் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து வைத்தது போன்ற வானம். பிள்ளைகளுக்குத் தடிமன், பெரியவர்களுக்கு முழங்கால் நோ.

ஊரிலும் மாசிக் குளிருக்கு நல்ல பெயர் இல்லைத்தான். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழி வைத்திருக்கிறோம். ஆனால் ஊரில் பனி என்று நாம் சொன்னது விடியற்காலையில் புல்லில் நிற்கும் ஈரத்தையும் தலையில் இறங்கும் குளிரையும்தான். வானத்திலிருந்து கொட்டும் இந்த வெள்ளைச் சாமானுக்கு நம்மிடம் சொல் இருக்கவில்லை. கையில் இருந்த சொல்லையே அதற்கும் கொடுத்துவிட்டோம். பிள்ளைகள் அதை 'ஸ்னே' என்கிறார்கள். அவர்களுக்கு அது பிறந்த வீட்டுச் சொல்.

சென்ற முறை இந்தப் பக்கத்தில் முதியோர் ஓய்வூதிய விண்ணப்பங்கள் பற்றி எழுதியிருந்தோம். வாசித்த அன்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "எல்லாம் சரி, பிரயோசனமானதுதான். ஆனால் இந்தக் குளிருக்கை மனுசருக்குக் கொஞ்சம் சந்தோசமா எதையும் எழுத மாட்டீங்களோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே இம்முறை விண்ணப்பம் இல்லை, சட்டம் இல்லை. எங்கள் வீட்டு இருப்பறைச் சுவரில் மாசி மாதத்தில் விழும் ஒரு துண்டு வெய்யிலைப் பற்றி எழுதுகிறோம். அதற்கு முதலில் அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நாங்கள் 1986இல் இந்த நாட்டுக்கு வந்தோம். முகாம், பிறகு ஓர் அறை, பிறகு வேறோர் ஊர் என்று அலைந்து, 1994இல் யூலன்ட் பகுதியில் இந்தத் தொடர்மாடியின் கீழ்த்தட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வெள்ளைச் சுவர்கள். அவற்றில் நாங்கள் ஒன்றும் மாட்டவில்லை. மணிக்கூடு அலுமாரிமேல் இருந்தது. சாமிப்படங்கள் குசினித் தட்டில் இருந்தன. தமிழ்க்கடையில் தரும் நாட்காட்டியைக்கூடக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவைத்தோம். கேட்பவர்களுக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. வீட்டை விட்டுப் போகும்போது சங்கத்துக்காரர் வந்து சுவரைப் பார்ப்பார்கள், ஆணி அடித்த ஓட்டை இருந்தால் காசு பிடிப்பார்கள் என்று சொல்வோம்.

அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அலுமாரியின் மேல் பெரிய பயணப்பெட்டி ஒன்று இருந்தது. நல்ல பீங்கான் கோப்பைகள் பெட்டி உடைக்காமலே கட்டிலின் கீழ் இருந்தன. "இந்த வருசம் முடியட்டும்" என்று ஒவ்வொரு வருடமும் சொன்னோம். ஆணி அடிப்பதென்றால் இங்கேயே இருக்கப்போகிறோம் என்று கையெழுத்து வைப்பதுபோல் ஒரு பயம். இதை வாசிக்கிறவர்களில் பலருடைய வீட்டிலும் பிரிக்காத பெட்டி ஒன்று இருந்திருக்கும். இப்போதும் இருக்கலாம்.

அம்மம்மா 1998இல் வந்தார். அறுபது வயதைத் தாண்டிய பெற்றோரை அழைத்துக்கொள்ளச் சட்டம் அப்போது இடம் கொடுத்தது. 2002இல் அந்த உரிமையை எடுத்துவிட்டார்கள். கதவு சாத்துவதற்கு முன் உள்ளே வந்த கடைசி ஆட்களில் அவரும் ஒருவர் எனலாம். பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு நாங்களும் அவரை அம்மம்மா என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வந்த புதிதில் யன்னலால் எட்டிப் பார்த்து, "இஞ்சை சனங்கள் இருக்கினமோ?" என்று கேட்டவர், இரண்டு வருடத்துக்குள் கீழே விளையாடும் பிள்ளைகள் எல்லோரையும் அறிந்து வைத்திருந்தார்.

பிறகு 2009 வந்தது. அந்த மே மாதத்தைப் பற்றி இந்தச் சஞ்சிகை வாசகர்களுக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை. அம்மம்மாவின் தங்கை குடும்பம் வன்னியில் இருந்தது. தங்கை செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வர அடுத்த தை மாதமாகிவிட்டது. தங்கையின் மூத்த மகன் வரவில்லை. எங்கே என்று கேட்கவும் இடமில்லை.

அந்த வருட நத்தாருக்கு டென்மார்க் முழுவதும் வெண்பனி கிடந்தது. டெனிஷ்காரருக்கு அது பெரிய சந்தோசம். அப்படிக் கிடைப்பது அரிது என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பனி உருகவில்லை, தை முழுவதும் கிடந்தது, மாசியிலும் கிடந்தது. அம்மம்மா கட்டிலை விட்டு எழும்புவதைக் குறைத்துக்கொண்டார். எழும்பினாலும் இருப்பறைக்கு வந்து, யன்னலுக்கு எதிர்ப்புறமாய், உள்சுவரோடு போட்டிருந்த கதிரையில் இருந்துகொண்டு நிலத்தைப் பார்ப்பார். சாப்பாடு பாதி. கதை அதிலும் பாதி. வீட்டில் ஊருக்குத் திரும்பிப் போகும் கதையும் நின்றுவிட்டிருந்தது. ஒருவரும் அதை நிறுத்துவோம் என்று சொல்லவில்லை.

குடும்ப வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்து, விற்றமின் டி மிகவும் குறைவு என்றார். இதை இடையில் சொல்லி வைப்பது நல்லது. இந்த அகலக்கோட்டில் ஒக்ரோபர் தொடக்கம் ஏப்ரல் மட்டும் சூரியன் தாழ்வாகவே போவதால், வெளியே நின்றாலும் உடம்பு அந்தச் சத்தைப் போதிய அளவு உண்டாக்காது. கறுத்த தோலுக்கு இன்னும் குறைவு. ஆகவே குளிர்காலம் முடியும் நேரத்தில்தான் நம்மவர்களின் இரத்தத்தில் அது மிகவும் இறங்கி நிற்கும். டெனிஷ் சுகாதாரத் திணைக்களமே கறுத்த தோலுடையவர்கள் அதைக் குளிசையாக எடுக்கவேண்டும் என்று சொல்கிறது. குளிசை வாங்கினோம். அம்மம்மா விழுங்கினார். எலும்புக்கு நல்லதாயிருந்திருக்கும். கதிரையும் நிலமும் அப்படியே இருந்தன.

எங்கள் இருப்பறை யன்னல் தெற்குப் பார்த்தது. எதிரே 30 மீற்றர் தூரத்தில் நாலு மாடிக் கட்டடம். யாழ்ப்பாணத்தில் டிசெம்பர் கடைசியிலும் நண்பகல் சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்கும். ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வித்தியாசமே அங்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடத்தான். இங்கே அந்த வித்தியாசம் 10 மணித்தியாலத்துக்கு மேல். டிசெம்பர் கடைசியில் சூரியன் நண்பகலிலும் 10 பாகைக்குமேல் ஏறுவதே பாடு. 10 மீற்றர் உயரமான கட்டடம் அன்றைக்கு 50 மீற்றருக்கு மேல் நிழல் விழுத்தும். எங்கள் வீடு கீழ்த்தட்டு. ஒக்ரோபர் கடைசியில் சூரியன் எதிர்க் கூரைக்குப் பின்னால் இறங்கினால், வெய்யில் எங்கள் யன்னலுக்கு மீண்டும் வருவது பெப்ரவரி நடுவில்தான். மூன்றரை மாதம்! பதினாறு வருடம் அந்த வீட்டில் இருந்தும் இந்தக் கணக்கை நாங்கள் கவனித்ததில்லை. பகலில் வேலை. வெய்யில் வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருந்ததில்லை.

அம்மம்மா இருந்தார்.

ஒருநாள் பின்னேரம் வேலை முடிந்து வந்தபோது, உள்சுவரில், அவருடைய கதிரைக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு பென்சில் கோடு கிடந்தது. ஒரு சாண் நீளம். கடைக்குட்டியைத்தான் முதலில் பிடித்தோம். பன்னிரண்டு வயது வந்த பிள்ளை சுவரில் கீறுவதோ என்று ஏசினோம். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, அம்மம்மா கதிரையிலிருந்து, "அவளை ஏன் பேசுறியள்? நான்தான் கீறினனான்" என்றார்.

"ஏன்?"

"வெய்யில் வந்தது. உதிலை நிண்டது. நாளைக்கு எங்கை நிக்குதெண்டு பாக்கவேணும்."

அடுத்த நாள் முகில். அதற்கடுத்த நாளும் முகில். மூன்றாம் நாள் இன்னொரு கோடு. அது முதற்கோட்டுக்குக் கீழே இருந்தது. எங்களுக்கு இது விளங்கவில்லை. நாட்கள் போகப்போகச் சூரியன் மேலே ஏறுகிறதே, வெய்யில் ஏன் சுவரில் கீழே இறங்குகிறது? அம்மம்மாவுக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. "சூரியன் யன்னலுக்கு மேலாலை எட்டிப் பாக்கிறார். அவர் உயர உயர வெளிச்சம் குத்தெண்டு விழும்" என்று கையைச் சரித்துக் காட்டினார். முற்றத்துக் கிடுகு வேலியின் நிழலைப் பார்த்து நெல் அவித்துக் காயவிட்ட ஆளுக்கு இதெல்லாம் பாடமா? ஒரு நாளைக்கு இரண்டு விரலகலம். பகற்பொழுதும் ஒவ்வொரு நாளும் நாலு நிமிடத்துக்கு மேல் கூடிக்கொண்டு வந்தது. முதல் நாள் சில நிமிடம் நின்ற வெய்யில் பிறகு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று நின்றது. மத்தியானம் பன்னிரண்டரைக்கு அம்மம்மா குளித்து, தலை இழுத்து, பென்சிலோடு வந்து குந்துவார். வெய்யில் பார்க்க வரும் ஆள் பாதிச் சாப்பாட்டோடு எழும்ப முடியுமா? கோப்பையையும் அங்கேயே கொண்டுவந்து சாப்பிட்டார்.

இதை ஒரு வைத்தியமாக நாங்கள் சொல்லவில்லை. அவருடைய துக்கம் எங்கும் போகவில்லை. இரவில் தங்கையின் மகனின் பெயரைச் சொல்லிக் கதைப்பது கேட்கும். ஆனால் நாளைக்கு எங்கே நிற்கும் என்று கேட்கிற ஒருவர் வீட்டில் இருந்தார்.

நடுவில் கோடுகள் ஏழெட்டாகிவிட்டிருந்த நேரம், கடைக்குட்டி பள்ளிக்கூடத்தால் ஸ்கேயனுக்குச் சுற்றுலாப் போய்வந்தாள். ஸ்கேயன் யூலன்டின் வடக்கு முனை. இரண்டு கடல்கள் முட்டும் இடம். நூற்று ஐம்பது வருடத்துக்கு முன் அது மீனவர் கிராமம். அங்கே ஓவியர்கள் வந்து கூடினார்கள். பலர் வெளியூர்க்காரர். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஓவியர் அன்னா அங்கர். 1859இல் பிறந்தவர். அவருடைய குடும்பம் அங்கே விடுதி நடத்தியது. அக்காலத்தில் அரச கலைக்கழகம் பெண்களைச் சேர்ப்பதில்லை. பெண்களுக்கென்று அங்கே ஒரு பிரிவு திறந்ததே 1888இல்தான். கலியாணம் முடித்தவுடன் வர்ணப்பெட்டியைத் தூக்கிக் கடலில் போடு என்று அவருடைய ஆசிரியர் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் போடவில்லை.

அவரை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். 1998இல் வெளிவந்த ஆயிரம் குரோனர்த் தாளில், கணவர் மிக்கேலோடு இருந்த அந்தப் பெண்தான். ஊருக்கு அனுப்ப எத்தனை தாளை எண்ணி எண்ணிக் கொடுத்திருப்போம். இலக்கத்தைப் பார்த்தோமே தவிர முகத்தைப் பார்த்தோமில்லை. 2025 மே மாதத்தோடு அந்தத் தாளும் செல்லாமற் போய்விட்டது.

மகள் அங்கிருந்து சுருட்டிக்கொண்டு வந்தது ஒரு படத்தின் அச்சுப்பிரதி. 'நீல அறையில் சூரிய ஒளி' என்பது படத்தின் பெயர். 1891இல் வரைந்தது. ஒரு நீலச் சுவர் அறை. ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை, தலைமயிர் பொன்னிறம், முகத்தை நமக்குக் காட்டாமல் குனிந்திருந்து நூல் பின்னுகிறது. அது அன்னா அங்கரின் மகள் ஹெல்கா. யன்னலால் வந்த வெய்யில், யன்னற் சட்டத்தின் நிழலோடு, அந்த நீலச் சுவரில் விழுந்து கிடக்கிறது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. படத்தின் முழுப்பெயரில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த அறை பிள்ளையின் அம்மம்மாவுடைய அறை.

மகள் படத்தைச் சுவரோடு பிடித்து, "அம்மம்மா, நீங்கள் இதுக்கை இருக்கிறியள்" என்றாள்.

அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "உந்தப் பிள்ளை குறோசே பின்னுது. ஊசி பிடிச்சிருக்கிற கையைப் பார். நானும் பள்ளிக்கூடத்திலை பின்னினனான்" என்றார். பிறகு, "உதைக் கொழுவுங்கோ" என்றார்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பழைய பதில்தான் வாய்க்கு வந்தது. ஆணி அடித்தால் வீட்டுச் சங்கம் காசு பிடிக்கும் அம்மா, என்றோம். மனதுக்குள் வேறொன்றும் இருந்தது. அந்த மே மாதத்துக்கு இன்னும் ஒரு வருடம்கூட முடியவில்லை. துடக்கு வீடுபோல் இருந்த வீடு. இந்த நேரத்தில் சுவரில் வடிவான படம் மாட்டினால் வந்துபோகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எங்களுக்கே அது கூடுமா?

"பிடிக்கட்டும்" என்றார் அம்மம்மா. "போறதெண்டால் போகேக்கை குடுப்பம். எத்தினை வருசமா வெறுஞ்சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். ஊரிலை செத்தைக்கும் படம் கொழுவி வைச்சிருந்தனாங்கள்."

உண்மைதான். ஓலைச் செத்தையிலே பழைய நாட்காட்டிப் படம், பரிசு வாங்கிய பத்திரம், சிங்கப்பூருக்குப் போன பெரியப்பாவின் புகைப்படம் என்று இடம் விடாமல் தொங்கும். இடம்பெயரும்போது அவற்றை விட்டுவிட்டு வந்தோம். மாட்டாமலே வைத்திருந்தால் விட்டுவிட்டு வருவது சுலபமாய் இருந்திருக்குமா? சுத்தியல் எங்களிடம் இல்லை. மேல்வீட்டு டெனிஷ் மூதாட்டியிடம் இரவல் வாங்கினோம். எதற்கு என்று கேட்டார். படம் மாட்ட என்றோம். எந்தப் படம் என்று கேட்டு, பார்க்கக் கீழே வந்தார். நாங்கள் பதினாறு வருடம் ஒரே படியில் ஏறி இறங்கியவர்கள். அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அன்றைக்குத்தான். கட்டிலின் கீழிருந்த பீங்கான் கோப்பைகளில் இரண்டை எடுத்துக் கழுவித் தேத்தண்ணீர் கொடுத்தோம்.

அந்த மூதாட்டி சொல்லித்தான் இன்னோர் ஓவியரையும் அறிந்தோம். வில்ஹெல்ம் ஹமர்ஸ்ஹொய், 1864 முதல் 1916 வரை வாழ்ந்தவர். தமிழ்ப் புத்தகம் இரவல் எடுக்கப்போகும் நூலகத்திலேயே அவருடைய படங்கள் அடங்கிய பெரிய புத்தகம் இருந்தது. பத்து வருடத்துக்கு மேலாக அவர் கொப்பன்ஹேகனில் ஒரே வீட்டில் இருந்தார். அந்த வீட்டையே திரும்பத் திரும்ப வரைந்தார். சாத்திய கதவு, திறந்த கதவு, வெறும் மேசை, கறுத்த உடையில் முதுகு காட்டி நிற்கும் மனைவி ஈடா. எல்லாம் சாம்பல் நிறம். 1900இல் வரைந்த ஒன்றில் ஆளும் இல்லை, தளபாடமும் இல்லை. ஒரு யன்னல், ஒரு கதவு, சரிந்து விழும் வெய்யில், அந்த வெய்யிலில் ஆடும் தூசி. பெயரும் அதுதான், 'சூரியக் கதிரில் தூசித் துகள்களின் நடனம்'. மூலப்படம் கொப்பன்ஹேகனுக்கு வடக்கே ஓட்றுப்கோ என்ற அரும்பொருளகத்தில் இருக்கிறது.

அவருடைய படங்கள் உலகப் புகழ் பெற்றவை. எங்களுக்கு அன்னா அங்கரைத்தான் பிடிக்கும். ஹமர்ஸ்ஹொயின் அறைகளைப் பார்த்தால், யாரோ வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போனபின் நிற்பதுபோல் இருக்கிறது. அந்த உணர்ச்சிக்கு நம்மவர்கள் படம் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். மாசி மாதத்துச் சாம்பல் ஒரே சாம்பல் அல்ல என்று அவர்தான் காட்டித்தந்தார். நீலம் கலந்தது, மண்ணிறம் கலந்தது, முத்துச்சிப்பியின் உட்புறம்போல் மினுங்குவது என்று எத்தனையோ. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வானத்தைப் பார்த்து இன்றைக்கு எந்தச் சாம்பல் என்று எண்ணிக்கொள்வோம். பஸ் பிந்துவது அவ்வளவாகத் தெரியாது.

வீட்டுக்குள் ஒன்றைப் பார்க்கப் பழகினால் வெளியிலும் கண் போகிறது. அந்த மாசியில்தான் கட்டடத்தின் பின்புறம் குப்பைத்தொட்டிகளுக்கு அருகே, பனி இளகிய இடத்தில் 'வின்ரகெக்' பூத்திருப்பதைக் கண்டோம். தலைகுனிந்த சிறிய வெள்ளைப்பூ. அதன் இலைநுனி உறைந்த மண்ணைத் துளைத்து வரக்கூடியதாய்க் கடினமாய் இருக்கும். தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் 'எறாந்திஸ்' என்ற மஞ்சள் பூ. வெய்யில் பட்டால்தான் விரியும், முகில் மூடினால் தானும் மூடிக்கொள்ளும். பதினாறு வருடம் அந்தத் தொட்டியில் குப்பை போட்டிருக்கிறோம்!

போர்சித்தியா என்றொரு செடியும் உண்டு. இங்கே வேலியோரம் எங்கும் நிற்கும். ஏப்ரலில் இலை வருமுன் மஞ்சளாகப் பூத்துத் தள்ளும். பெப்ரவரியில் அது வெறும் விறகுக் குச்சி. அந்தக் குச்சிகளில் நாலைந்தைச் சரிவாக வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் வீட்டுக்குள் வைத்தால் இரண்டு மூன்று கிழமையில் பூத்துவிடும். தண்ணீரை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றவேண்டும். இவ்வளவுதான் வேலை. முதல் முறை சங்கத்து வேலியில் வெட்டும்போது கட்டடப் பொறுப்பாளர் பார்த்துவிட்டார். நடுங்கிப் போனோம். அவர் கிட்ட வந்து, வெளிப்பக்கம் வெட்டாதீர்கள், உட்பக்கத்தில் வெட்டினால் செடிக்கும் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

பறவை ஒன்று பாக்கி. டெனிஷில் 'சோல்சோட்'. ஆண் முழுக்கறுப்பு, சொண்டு மாத்திரம் தோடம்பழ நிறம். பெப்ரவரி கடைசியிலிருந்து விடிய முன்னும் பின்னேரம் மைமலிலும் கூரை உச்சியில் இருந்து பாடும். குயிலின் ஏக்கம் அதில் இல்லை, புலுனிக் கூட்டத்தின் சண்டையும் இல்லை. யாரையும் கூப்பிடாமல் ஆறுதலாய்த் தனக்குள் கதைப்பதுபோல் ஒரு குரல். முந்தி அலாரம் அடிக்குமுன் அது கத்துகிறது என்று யன்னலைச் சாத்துவோம். இப்போது சாத்துவதில்லை.

அம்மம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. கண் பார்வை போய்விட்டது. வெளிச்சமும் இருட்டும் மட்டும் பிரித்தறிவார். சுவருக்கு இடையில் இரண்டு முறை வெள்ளை அடித்தோம். கோடுகள் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு அடித்தோம். படத்தைச் சுற்றி இப்போது வேறு பல படங்கள் வந்துவிட்டன. தங்கையின் மகனுடைய பள்ளிக்கூடப் புகைப்படம் ஹெல்காவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அலுமாரிமேல் இருந்த பயணப்பெட்டிக்குள் குளிர்கால உடுப்புகள் கிடக்கின்றன.

கடைக்குட்டி கலியாணம் முடித்து வேறு ஊரில் இருக்கிறாள். அவளுடைய மகள் பாலர் வகுப்புக்குப் போகிறாள். டெனிஷ் பிள்ளைகள் இந்தக் காலத்தில் 'கெக்கபிறேவ்' என்றொரு கடிதம் செய்வார்கள். கடதாசியை மடித்துக் கத்தரித்து, விரித்தால் பின்னல்போல் வரும். நடுவில் ஒரு சிறு பாட்டு எழுதி, வின்ரகெக் பூவொன்றும் வைத்து அனுப்புவார்கள். பெயர் எழுதுவதில்லை. பெயரில் எத்தனை எழுத்தோ அத்தனை புள்ளி. அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்காவிட்டால், பெற்றவர் உயிர்த்தஞாயிற்றுக்கு ஒரு முட்டை கொடுக்கவேண்டும். கண்டுபிடித்துவிட்டால் அனுப்பியவர் கொடுக்கவேண்டும்.

இவ்வருடக் கடிதம் பெப்ரவரி நடுவில் வந்தது. பூட்டிக்குக் கண் தெரியாது என்பதால் பிள்ளை பேனையால் புள்ளி வைக்காமல் ஊசியால் குத்தியிருந்தது. அம்மம்மா கடதாசியை மடியில் விரித்து விரலால் தடவினார். வெட்டிய ஓரம் முழுவதையும் ஆறுதலாகத் தடவினார். பிறகு புள்ளிகளுக்கு வந்தார்.

"ஆரோ கோலத்துக்குப் புள்ளி வைச்சிருக்கினம்" என்றார். "நாலு. ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை. முட்டை வாங்கி வையுங்கோ."

ஒவ்வொரு வருடமும் அவருக்குத் தெரிவதில்லை.

கடிதம் வந்த நாள் முகில். அடுத்த நாளும் முகில். ஒன்பது நாள் அப்படியே போயிற்று. மத்தியானம் பன்னிரண்டரைக்கு அவரைக் கதிரையில் இருத்துவோம். "வந்திட்டுதோ?" என்பார். "இல்லை அம்மா" என்போம். யன்னலில் போர்சித்தியா மொட்டுக் கட்டியிருந்தது. பத்தாம் நாள் நாங்கள் குசினியில் நின்றோம். அவர் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தபோது இரண்டு காலுறையையும் கழற்றி வைத்துவிட்டுப் பாதத்தை நீட்டிக்கொண்டிருந்தார். வெய்யில் ஒரு காலில் விழுந்திருந்தது.

"கதிரையை ஒரு சாண் இஞ்சாலை இழுத்துவிடுங்கோ" என்றார்.